பரங்கிப்பேட்டையைக் கணினி எப்படிச் சொல்லும்?

வணக்கம் நேயர்களே. தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். 'ங்கி' வரும்போது தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும், 'ப்பே', 'ட்டை' வருகிற இடத்தில் மட்டும் சட்டென்று நின்று மறுபடி தொடங்கும். அரியாங்குப்பம், மஞ்சக்குப்பம், எதை எடுத்தாலும் இதே கதைதான். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் அதிரும், இரட்டித்தால் அதிராது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார்கள்.

நரம்பு வலைப்பின்னல் என்கிற கணினி நிரலுக்கும் விதி எதையும் எழுதித் தருவதில்லை. எழுத்தைக் காட்டி ஒலியை ஊகிக்கச் சொல்வோம், தப்பாகச் சொன்னால் உள்ளே இருக்கிற எண்களை அந்தத் தப்பு குறைகிற பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவோம், ஆயிரக்கணக்கான தடவை, அவ்வளவுதான். 1987-இல் செஜ்னோவ்ஸ்கியும் ரோசன்பர்க்கும் ஆங்கிலத்துக்குச் செய்த நெட்டாக் இப்படிப்பட்டதுதான். ஏழு எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்து நடு எழுத்தின் ஒலியைச் சொல்லும். ஆரம்பத்தில் வெறும் மழலை, போகப் போகப் புரிகிற பேச்சு. நம் சொந்தச் சொற்களின் வல்லினத்துக்கு ஏழெல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒவ்வோர் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குருவி என்று சொல்லுங்கள், அப்புறம் குரு என்று சொல்லுங்கள். அதே கு, அதே ரு, ஆனால் குருவியில் அதிராத கு, குருவில் அதிர்கிறது. பணமும் பயமும் அப்படித்தான் (எல்லா ஊரிலும் எல்லாரும் இப்படிச் சொல்வதில்லை, சரி). பக்கத்து எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது பிடிபடாது, சொல்லையே மனப்பாடம் செய்தாக வேண்டும். வலைப்பின்னல் மனப்பாடத்தில் கெட்டி.

அதனால் குருவைச் சரியாகச் சொன்னதற்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். 1958-இல் குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோ அவர்களிடம் இல்லாத சொற்களைச் சொல்லி, அவற்றின் பன்மை என்ன என்று கேட்டார். அதே வேலையை இங்கேயும் செய்யலாம். 'தூகும்பை' என்று நானே கட்டிய ஒரு சொல்லைக் கொடுக்கிறேன். கு (நகம் என்பதில் வரும் 'க' போல) மெலிந்து, பை அதிர்ந்து வந்தால் விதி உள்ளே ஏறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த விதி எங்கே என்று திறந்து பார்த்தால் எண்கள்தான் சிதறிக் கிடக்கும். அதை விதி என்று சொல்லலாமா? 1988-இல் உளவியலாளர் பிங்கரும் மொழியியலாளர் பிரின்சும் கூடாது என்று வரிந்துகட்டி எழுதினார்கள், வலைப்பின்னல் பக்கம் நின்றவர்களும் விடவில்லை, வாதம் இன்னும் ஓடுகிறது. நன்றி, வணக்கம்.