குச்சி மனிதர்களின் நீண்ட கதை

நேயர்களுக்கு வணக்கம். படக்கதையைப் பற்றி வானொலியில் பேசுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் நான் பேசப்போகும் கதையில் படங்களை விவரிக்க அதிக நேரம் ஆகாது. ஒரு வட்டத் தலை, குச்சி போன்ற கைகள், கால்கள், மேலே ஒரு சட்டை. அவ்வளவுதான் மனிதர்கள். கதையின் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்'. எழுதி வரைபவர் அமெரிக்கரான ரிச் பர்லூ. 2003 செப்டம்பரில் இணையத்தில் தொடங்கினார். இப்போது 1,300 பகுதிகளைத் தாண்டிவிட்டது. முதல் பகுதியிலிருந்து எல்லாவற்றையும் யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

இதன் பிறப்பிடம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. 2003-இல் அதற்குத் திருத்திய விதிப்புத்தகம் வந்தது. பர்லூவின் முதல் பகுதியே அதை வைத்துச் செய்த வேடிக்கைதான்: பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே பழைய விதியிலிருந்து புது விதிக்கு மாறிவிடுகிறார்கள். தொடங்கியபோது அவருக்குப் பெரிய கதை எதுவும் சொல்லும் திட்டம் இல்லை. விதிகளைக் கிண்டல் செய்யும் துணுக்குகள், ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம், ஒரு பாதாளக் கோட்டை, அதில் ஸைக்கான் என்ற எலும்புக்கூட்டு வில்லன். அப்புறம் மெல்ல மெல்ல அந்தத் துணுக்குகளுக்குள்ளிருந்தே கதை முளைத்தது.

நான் இந்தக் கதையை விடாமல் பின்தொடரக் காரணம் இதுதான்: இங்கே நடந்த எதுவும் மறக்கப்படுவதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கதையின் திருப்பம் இதில் தெரிந்துவிடும். ஆனாலும் இதைச் சொல்லாமல் என் அன்பைப் புரியவைக்க முடியாது.

ஆரம்பத்தில் ஒரு குகையில் இளம் கறுப்பு டிராகன் ஒன்று குறுக்கிடுகிறது. கூட்டத்தில் வார்சூவியஸ் என்ற மந்திரவாதி இருக்கிறார், எல்ஃப் எனும் கூர்க்காது இனத்தவர். ஒரே மந்திரத்தில் அதைப் பொடியாக்கிவிடுகிறார். அதன் புதையலை அள்ளிக்கொண்டு எல்லாரும் கிளம்புகிறார்கள். அந்த விளையாட்டில் டிராகன் என்றாலே கொல்வதற்குத்தானே? நாமும் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகிறோம். நானூறு பகுதிகளுக்குமேல் கடந்த பிறகு ஒரு பெரிய டிராகன் வந்து நிற்கிறது. கொல்லப்பட்டது அதன் பிள்ளை. மந்திரவாதியின் பிள்ளைகளைக் கொன்று பழிதீர்க்கப் போகிறேன் என்கிறது அந்தத் தாய்.

வார்சூவியஸ் நரகத்தைச் சேர்ந்த மூவரிடம் தன் ஆன்மாவைக் குறிப்பிட்ட காலத்துக்கு அடகு வைத்து, அளவில்லாத சக்தியை வாங்குகிறார். தாயைக் கொல்கிறார். அதோடு நிற்கவில்லை. இனி அந்த வம்சத்தில் ஒருவர்கூடப் பழிவாங்க வரக்கூடாது என்று, அதன் ரத்த உறவுகளையும் அந்த உறவுகளின் உறவுகளையும் ஒரே மந்திரத்தில் அழிக்கிறார். உலகத்துக் கறுப்பு டிராகன்களில் நான்கில் ஒரு பங்கு அந்த ஒரு கணத்தில் செத்து விழுகின்றன. வெகுகாலம் கழித்து, உலகத்தைக் காக்கும் வாசல் ஒன்றைத் தேடி இந்தக் கூட்டம் பாலைவனத்துக்குப் போகிறது. அங்கே காவல் காத்த மனிதக் குடும்பம் முழுவதும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இறந்துகிடக்கிறது. அவர்கள் உடம்பில் கொஞ்சம் டிராகன் ரத்தமும் ஓடியது. கொன்றது யார் என்று வார்சூவியஸுக்குப் புரியும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

இதை ஒரே புத்தகமாக இரண்டு நாளில் படித்திருந்தாலும் பிடித்திருக்கும். ஆனால் வருடக்கணக்கில் துண்டு துண்டாகப் படித்தவனுக்கு இது வேறு. அந்தக் குகையில் நானும் சிரித்தேன், நானும் மறந்தேன். என் மறதியும் அந்தக் கதைக்கு வேண்டியிருந்தது. தொடராகப் படிப்பதால் மட்டுமே கிடைக்கும் அனுபவம் இது.

அதே கூட்டத்தில் உள்ள பெல்கர் இன்னொரு உதாரணம். ஹாஃப்லிங் எனும் குட்டை மனித இனத்தவன். கொலையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன். இந்த ஆண்டு முடிவதற்குள் அவன் மூச்சு நின்றுவிடும் என்று குறிசொல்பவர் சொல்லிவிடுகிறார். கதைக்குள் அது சில மாதங்கள்தான். வாசகர்களுக்கோ பத்தாண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு. அதற்குள் அவன் ஒரு பூனையை வளர்க்கத் தொடங்குகிறான், அதற்காக மற்றவர்களை மதிக்கவும் கற்றுக்கொள்கிறான். முதலில் அவன் சாவுக்காகக் காத்திருந்த என் போன்றவர்கள், இப்போது அவன் சாகக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம்.

காத்திருப்பு என்றேன். முன்பு வாரம் மூன்று பகுதிகள் வந்த காலம் உண்டு. இப்போது வரும்போது வரும். 2012-இல் பர்லூவின் கையில் பலத்த காயம் ஏற்பட்டு, கதை சில மாதங்கள் நின்றே போனது. வரைபவர் ஒரே ஒருவர். அவர் கை நின்றால் கதையும் நிற்கும். வாசகர்கள் அவரைக் கைவிடவில்லை என்பதற்கு அதே ஆண்டின் தொடக்கம் சாட்சி. அச்சில் தீர்ந்துபோன பழைய புத்தகத்தை மறுபதிப்பு செய்ய, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 57,750 டாலர் கேட்டார். ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைக்கு! வெறும் புத்தகம் வாங்க வந்த கூட்டம் இல்லை அது. படித்து மகிழ்ந்ததற்கு நன்றி சொன்ன கூட்டம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தக் கூட்டத்தின் பாதிரியார் டர்கனுடையது. ட்வார்ஃப் எனும் குள்ளர் இனத்தவர். அவர் செத்து, அவர் உடம்புக்குள் ஒரு ரத்தக் காட்டேரியின் ஆவி புகுந்துகொள்கிறது. அது அவருடைய நினைவுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பயன்படுத்துகிறது. கடைசியில் டர்கன் அதற்குத் தன் அம்மாவைப் பற்றிய ஒரு நினைவைக் காட்டுகிறார். ஒரு கையை இழந்தவர் அந்த அம்மா, கணவரும் இல்லை. கைக்குக் கிடைத்த செல்வத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், முன்பின் தெரியாத ஐந்து பேரை உயிர்ப்பிக்கச் செலவழிக்கிறார். டர்கன் சின்ன வயதிலிருந்து மாமா, அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தது அந்த ஐவரைத்தான். காட்டேரியால் இதைத் தாங்க முடியவில்லை. குச்சிக் கோடுகளும் புள்ளிக் கண்களும்தான், நான் அழுதுவிட்டேன்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நூற்றிருபது பகுதிகள் பெரும்பாலும் விளையாட்டு விதிகளைப் பற்றிய நகைச்சுவை. எல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தாண்டிப் போங்கள். ஆங்கிலம் எளிமையானதுதான். டர்கன் மட்டும் ஸ்காட்லாந்து வாடையில் பேசுவார், எழுத்துக்கூட்டலும் அப்படியே இருக்கும். அவர் பேச்சை வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். நன்றி, வணக்கம்.