அந்தக் கடிதத்தில உடன கையெழுத்து வைக்காதீங்க

வணக்கம் மக்காள். கல்லடிப் பழைய பாலத்தில நிண்டு கதைக்கன். காத்து கூட, சத்தம் இரைஞ்சா கோவிக்காதீங்க. நேத்து ராவு ஏறாவூர்த் தம்பி ஒராள் கோல் எடுத்து, "அண்ணன், கம்பனியில ஆள் குறைக்காங்க, கடிதம் நீட்டுறாங்க" எண்டார். அதுக்குத்தான் இந்த வீடியோ.

நான் கொழும்புக்குக் கிட்ட பியகமப் பக்கம் வாகனத்துக்கு ரப்பர் சாமான் செய்ற இடத்தில 7 வருசம். எஞ்சின் மவுண்ட், புஷ். அச்சுல இருந்து சுடச்சுட எடுத்தா ஓரத்தில மெல்லிசாப் பிசிர் நிக்கும், அத பிளேடால சீவணும். இந்தா, பெருவிரல்ல காய்ப்பு இன்னும் போகல்ல.

2022ல டொலர் 200 ரூபால இருந்து 360க்குப் போச்சா. ரப்பர் நம்மட நாட்டுலயே இரிக்கி, அதுல கலக்கிற கரித்தூளும் கெமிக்கலும் வெளியால இருந்து வரணும். வெளியால இருந்து சாமான் எடுக்க பேங்க் குடுக்கிற உத்தரவாதக் கடிதம், எல்.சி., அதத் திறக்க பேங்குல டொலர் இல்ல. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் கட். அச்சு ஆறினா ரப்பர் வேகுமா?

முதல்ல ஓ.டி. போச்சு. மறுகா நைட் ஷிப்ட். மறுகா மேன்பவர் ஆக்கள, அதான் ஏஜென்சியால வேலைக்கு வந்தவங்கள, ஒரே நாள்ல நிப்பாட்டினாங்க, பாவம், கேக்க நாதியில்ல. கடைசியா எங்கள ஒவ்வொராளா உள்ள கூப்பிட்டாங்க. கடிதம் டைப் பண்ணி ரெடி. சிங்களத்தில. நான் சிங்களம் நல்லாக் கதைப்பன், வாசிக்கத் தெரியா. "மூண்டு மாசச் சம்பளம் தாறம், இதுல வைங்க." வச்சிட்டன். நானா விரும்பி விலகுறனாம்.

தம்பி, கேளுங்க. 1971ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இரிக்கி. 15 பேரும் அதுக்கு மேலயும் இரிக்கிற இடத்தில, 180 நாள் வேலை செஞ்ச ஆள குற்றமில்லாம நிப்பாட்ட, ஒண்டில் அவர்ர எழுத்துச் சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்தின்ட அனுமதி வேணும். அப்படி அனுமதி எடுத்து நிப்பாட்டினா நட்டஈட்டுக்குக் கணக்கு இரிக்கி. முதல் 5 வருசத்துக்கு, வருசம் ஒண்டுக்கு இரண்டரை மாசச் சம்பளம், அதுக்கு மேல 14 வருசம் வரைக்கும் ரெண்டு மாசம். என்ட 7 வருசத்துக்குப் போட்டுப் பாத்தன், 16.5 மாசம். கையில வந்தது மூண்டு!

பணிக்கொடை, அதான் வேலைய விட்டுப் போகக்குள்ள செஞ்ச வருசத்துக்குத் தாற காசு, அது வேற. 5 வருசம் முடிச்சா, நீங்களா விலகினாலும் வருசத்துக்கு அரை மாசம் தரணும். ரெண்டையும் ஒண்டாக் கலந்து காட்டுவாங்க, விடாதீங்க.

கடிதத்தின்ட போட்டோ போன்ல இரிக்கி. கம்பனிப் பேர மறைச்சிட்டன். கீழ அந்தக் கோடு தெரியுதா? அதுக்கு மேல தமிழ்ல இரிக்கிறது ஒண்டே ஒண்டுதான், என்ட கையெழுத்து.