டெக்காப்போவில் தெரியாத அருந்ததி

வணக்கம் நேயர்களே.

பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை நானும் கணவரும் நியூசிலாந்தின் தென்தீவை 19 நாட்கள் ஒரு கேம்பர்வானில் சுற்றினோம். கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சின்னதொரு மலசலகூடம் எல்லாம் ஒரே வானுக்குள். ஒக்லாந்தில் இருக்கும் மகனையும் பேரனையும் பார்க்கப் போன இடத்தில் எடுத்த முடிவு அது. இன்று இங்கே வந்து அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். மலையையும் ஏரியையும் நீங்கள் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் கடைசி நான்கு, ஐந்து நாட்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பதினைந்தாம் நாள் காலை புக்காக்கி ஏரிக்கரையில் நின்றோம். எதிரே 3,724 மீற்றர் உயரத்தில் அவ்ராக்கி மலை; மவுண்ட் குக் என்றும் சொல்வார்கள். தண்ணீரோ பாலில் நீலத்தைக் கரைத்த மாதிரி. பனியாறு மேலேயிருந்து இறங்கும்போது பாறையை மாவாக அரைத்துக்கொண்டு வருகிறது. அந்த மாவு அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்க, அதில் வெயில் பட்டுத்தான் அந்த நிறம். அவ்வளவு வடிவான இடத்தில் நின்றுகொண்டு நாங்கள் இருவரும் சண்டை பிடித்தோம்.

"இன்னும் நாலு நாள் கிடக்கு. மில்ஃபோட் சவுண்ட் பார்க்காமல் போறதே?" என்றார் இவர். தென்தீவின் தென்மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து கிடக்கும் இடம் அது.

"போக வர ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல. நீங்கள்தானே ஓடவேணும்? ராத்திரி முழுக்க முதுகு நோகுதெண்டு புரண்டனீங்கள்."

"இனி ஒருக்கா வர ஏலுமே எங்களாலை? சொல்லும் பாப்பம்."

இவருக்கு வயது 68. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன். பதினான்கு நாட்களாக ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு இடம். காலையில் எழும்பிப் படுக்கையை மடித்து, கோப்பைகள் உருளாமல் அடுக்கி, அலுமாரிக் கதவுகளைப் பூட்டி, அடுத்த ஊர். பார்த்த இடங்களின் பெயர்களே எனக்குக் குழம்பத் தொடங்கியிருந்தன. அங்கே டீசல் வாகனத்துக்கு வீதி வரி டீசல் விலையோடு சேர்வதில்லை, ஓடிய கிலோமீற்றருக்குத் தனியாக அறவிடுகிறார்கள். வாடகை வானென்றால் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தக் கணக்கைப் பார்ப்பார்கள். ஆயிரம் கிலோமீற்றர் என்றவுடன் அந்தக் கணக்கும் இவரை யோசிக்க வைத்திருக்கலாம். கடைசியில், "சரி, நீர் சொல்லுறபடி செய்வம்" என்றார். முகம் மட்டும் சரியாகவில்லை.

அன்று பின்நேரம் டெக்காப்போ ஏரிப் பக்கம் வந்து, மின்சார வசதி இல்லாத ஒரு முகாமில் வானை நிறுத்தினோம். மூன்று இரவும் அதே இடம். நேயர்களில் யாராவது இப்படிப் பயணம் போக நினைத்திருந்தால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி மூன்று நாட்களுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். பணம் கொடுத்துப் போன இடத்தில் சும்மா இருப்பதா என்று மனம் அடிக்கும். இருங்கள்.

முதல் நாள் இவர் நித்திரை கொண்டார். நான் உடுப்புத் தோய்த்தேன். பிறகு கதிரை இரண்டையும் வெளியே போட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். கரையில் பொப்லர் மரங்கள் இலையுதிர் காலத்துக்கு மஞ்சளாகி நின்றன. நாங்கள் சித்திரை வெயிலில் வாடும் மாதத்தில் அவர்கள் குளிருக்கு ஆயத்தமாகிறார்கள். நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு இவர் தன்னுடைய ஐயாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 37 வருடம் கூட வாழ்ந்தும் நான் கேட்டிராத கதைகள்.

இரண்டாம் நாள் இரவு வானுக்குள் வெளிச்சம் போய்விட்டது. அது எங்கள் பிழைதான். இந்த வான்களில் என்ஜினுக்கு ஒரு பற்றரி, வீட்டுப் பாவனைக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது பற்றரி என்ஜின் ஓடும்போது, அல்லது முகாமில் வயர் கொழுவினால்தான் ஏறும். இரண்டு நாளாக வானை அசைக்கவில்லை, வயரும் கொழுவவில்லை. விளக்கும் ஹீற்றரும் ஒன்றாக நின்றுவிட்டன. வெளியே கடுங்குளிர். அந்த நேரத்தில் என்ஜினைப் போட்டு அயலில் படுத்திருப்பவர்களைக் குழப்ப இவர் விரும்பவில்லை. காஸ் அடுப்புக்கு மின்சாரம் தேவையில்லை. நெருப்புக்குச்சி தட்டிப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு, இருந்த கம்பளியெல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம்.

அந்த வானத்தை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிரதேசத்தில் 4,300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலத்தை இருள் வானக் காப்பகமாக 2012இல் அறிவித்திருக்கிறார்கள். தெருவிளக்கெல்லாம் நிலத்தை மட்டுமே பார்த்து எரியும். பால்வீதி தலைக்கு மேல் புகை மாதிரிக் கிடந்தது. அதற்கு அப்பால் மேகத் துண்டு போல இரண்டு வெள்ளைத் திட்டுகள். மேகமென்றே நான் நினைத்தேன். அவை மகெல்லன் மேகங்கள், வேறு நட்சத்திரக் கூட்டங்கள் என்றார் இவர்.

இவர் நில அளவையாளர். இளம் வயதில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை கணித்த ஆள். துருவம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுதான் அந்த ஊரின் அகலக்கோடு என்று அப்போதுதான் எனக்கு விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகைக்குக் கிட்ட, கொழும்பில் ஏழு, டெக்காப்போவில் துருவம் நிலத்துக்குக் கீழே. அங்கே தெற்கே தெரியும் சிலுவைக் கூட்டமோ வருடம் முழுக்க மறைவதேயில்லை. மேற்கே மார்கழித் திருவாதிரையைக் கண்டுபிடித்தோம். அந்த நட்சத்திரம் இருக்கும் வேடன் கூட்டம் (ஓரியன்) தலைகீழாக நின்றது.

"அருந்ததி எங்கை?" என்று கேட்டேன்.

எங்கள் கலியாணம் பகல் முகூர்த்தம். அம்மி மிதித்த பிறகு ஐயர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியுதோ?" என்றார். எனக்குத் தெரிந்தது பந்தல் கிடுகு. "தெரியுது" என்றேன். இவரும் அப்படித்தான் சொன்னாராம். அதற்குப் பிறகு இடப்பெயர்வு, பிள்ளைகள், கொழும்பு. இத்தனை வருடத்தில் இரவில் ஒருநாள் வெளியே வந்து அந்த நட்சத்திரத்தை நாங்கள் ஒன்றாகப் பார்த்ததில்லை.

இவர் வடக்குப் பக்கம் திரும்பி, விரலால் எண்ணி ஏதோ கணக்குப் போட்டார். "இஞ்சை தெரியாது. சப்தரிஷி மண்டலத்திலை, வசிட்டருக்குப் பக்கத்திலை இருக்கிறது அவ. தெற்கை இவ்வளவு தூரம் வந்தால் எழும்பவே மாட்டா" என்றார். பிறகு, "கொழும்பிலை தெரியும்" என்றார்.

உலகத்திலேயே நட்சத்திரம் பார்க்க நல்ல இடங்களில் ஒன்றில் இருக்கிறோம். அருந்ததி இல்லை. அவ இருக்கும் ஊரில் நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தக் குளிரில் எனக்கு அழுகை வந்தது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மில்ஃபோட் கதையை அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

பதினெட்டாம் நாள் காலை கிறைஸ்ட்சேர்ச் நோக்கிக் கிளம்பினோம், ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். வழியில் றக்காயா ஆற்றுப் பாலம், 1.7 கிலோமீற்றருக்கு மேல் நீளம். அந்த நாட்டின் மிக நீண்ட வீதிப் பாலம் அதுதான். கீழே ஆறு தலைமயிரைப் பின்னிய மாதிரிப் பல கிளையாகப் பிரிந்து ஓடுகிறது.

அன்றிரவு தங்கிய முகாமின் பொதுக் குசினியில் ஒரு தட்டு உண்டு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் மிஞ்சிய சாமான்களை அதில் வைத்துவிட்டுப் போவார்கள், புதிதாக வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் உப்பும் எண்ணெயும் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தன. இப்போது எங்கள் முறை. அரிசி, மைசூர்ப் பருப்பு, அரைப் போத்தல் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம். ஒரு இளம் சோடி பருப்புப் பையைத் தூக்கிப் பார்த்து முழித்தார்கள். நானே அடுப்பில் வைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் காட்டினேன். அந்த மிளகாய்த்தூள், செத்தல் எல்லாவற்றையும் வந்திறங்கிய அன்றே விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டித்தான் கொண்டுவந்தோம். உணவுப் பொருளை மறைத்தால் அங்கேயே 400 டொலர் தண்டம்.

மறுநாள் காலை, வான் கொடுக்குமுன் நகரத்துக்குள் போனோம். நேயர்களே, கிறைஸ்ட்சேர்ச்சின் நடுவே ஓடும் பிரதான வீதியின் பெயர் கொழும்பு வீதி. 1850இல் நகரத்தை அளந்தவர்கள் ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களை வீதிகளுக்கு வைத்திருக்கிறார்கள். கொழும்பு மறைமாவட்டம் அப்போது ஐந்து வயதுக் குழந்தை. இரண்டு வீதி தள்ளி மெட்ராஸ் வீதியும் இருக்கிறது. பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று இவர் வீதியின் நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாய்ப் பிடிச்சிருக்கிறாங்கள் லைனை" என்றார். ஒரு அளவையாளர் இன்னொருவருக்குக் கொடுத்த மரியாதை அது.

அந்த வீதி பேராலயச் சதுக்கத்துக்குப் போகிறது. 2011 பெப்ரவரி 22 நிலநடுக்கத்தில் கோபுரம் விழுந்த பேராலயம். அன்று 185 பேர் இறந்தார்கள். ஏவன் ஆற்றங்கரையில் அவர்கள் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பல நாட்டுப் பெயர்கள். இருவரும் ஒவ்வொன்றாக வாசித்தோம். எங்களைப் போன்ற நாட்டிலிருந்து போனவர்களுக்குப் பெயர்களை வாசிக்காமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது.

பிறகு வேலை. டீசல் நிரப்பி, கழுவின தண்ணீரைக் குழாய் போட்டு வடியவிட்டு, கழிவுப் பெட்டியைக் கொட்டிக் கழுவினோம். 18 நாளும் அந்தப் பெட்டியை இவர்தான் சுமந்தார். அன்றைக்கு நான் வாங்கிச் சுமந்தேன். "விடும், நான் கொண்டுபோறன்" என்றார். நான் விடவில்லை. திறப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இவர் வானின் கதவை ஒருமுறை தட்டிவிட்டு வந்தார்.

கொழும்புக்கு வந்து பேரன் கொடுத்துவிட்ட பைனாகுலரோடு வெள்ளவத்தையில் மொட்டைமாடிக்கு மூன்று இரவு ஏறினோம். முதல் இரண்டு இரவும் முகில். மூன்றாம் நாள் வடக்கு வெளித்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரம், அகப்பை மாதிரி. காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அவரை ஒட்டிக்கொண்டு மங்கலாக இன்னொன்று. நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். எனக்கு ஒரு கண்ணில் சத்திர சிகிச்சை வேறு. இவர் பைனாகுலரைச் சரியாகத் திருப்பி என் கண்ணில் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியுதோ?"

"தெரியுது."