நேராகப் போனாலே ரோமானியச் சாலையா?

அடுத்த கேள்வி. "பிரிட்டனை விட்டு ரோமானியர்கள் போய் 1,600 வருஷம் ஆகிவிட்டது. சாலை நேராக இருந்தாலே அவர்கள் போட்டது என்கிறார்களே, நம்பலாமா? வட இங்கிலாந்தில் அவர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர் பாதி தூரம் கண்ணிலேயே படவில்லையே, எங்கே போனது?"

நேராக இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களை வேலி போட்டுப் பிரித்தபோது போட்ட சாலைகளும் நூல் பிடித்த மாதிரிதான் இருக்கும். ரோமானியர்கள் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டைக் குறிபார்த்து அளந்தார்கள். அதனால் அவர்கள் சாலை திரும்புகிற இடம் பெரும்பாலும் உயரமான இடம்தான். இங்கிலாந்தின் லிங்கனிலிருந்து இல்செஸ்டர் வரை ஃபாஸ் வே என்ற ரோமானியச் சாலை கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்கோட்டை விட்டு எங்கேயும் 10 கிலோமீட்டருக்கு மேல் விலகுவதில்லை!

அப்புறம் தரையைப் பார்க்க வேண்டும். நடுவில் மண்ணும் கல்லும் கொட்டி உயர்த்திய மேடை, இரண்டு பக்கமும் வடிகால். நூற்றாண்டுக் கணக்கில் உழுதும் அந்த மேடு முழுதாக மறைவதில்லை. விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளக்கும் லிடாரில் தெரிந்துவிடும். கோடை வறண்டால் பயிரே காட்டிக்கொடுக்கும். கல் கிடக்கிற இடத்தில் சீக்கிரம் காயும், தூர்ந்துபோன அகழியின் மேல் ஈரம் நிற்பதால் பச்சையாகவே இருக்கும். 2018 கோடையில் இப்படி எத்தனையோ புதைந்த கட்டடங்களின் கோடுகள் வயல்களில் தெரிந்தன.

எனக்குப் பிடித்த சான்று இன்னொன்று. பழைய தேவாலயப் பங்குகளின், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிகளின், எல்லை மைல் கணக்கில் ஒரு சாலையோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். போனால், எல்லை வகுத்த காலத்திலேயே அந்தச் சாலை அங்கே கிடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, சுவருக்கு வருவோம். கி.பி. 122-இல் தொடங்கியது, 117 கிலோமீட்டர். கிழக்குப் பகுதியில் அதை விழுங்கியது ஒரு ராணுவச் சாலை. ஸ்காட்லாந்தில் தொடங்கிய 1745 கலகத்தின்போது கிழக்கே நியூகாசிலிலிருந்து மேற்கே கார்லைலுக்குப் படையை வேகமாக நகர்த்த வழியில்லை. அதனால் பிறகு புதுச்சாலை போட்டார்கள். பல இடங்களில் சுவரை இடித்து, அந்தக் கல்லையே அடியில் பரப்பினார்கள். அதுதான் இன்றைய பி6318 சாலை. அதில் மேற்கே காரில் போனால் பல இடங்களில் சுவரின் மேலேயே போகிறீர்கள். வலப்பக்கம் தெரியும் பள்ளம் சுவரின் வடக்கு அகழி. இடப்பக்கம் வயலில் தெரிகிற இரட்டைக் கரைகளும் பள்ளமும் வாலம், அதுவும் ரோமானியர்கள் வெட்டியதுதான்.

உங்கள் சந்தேகத்துக்கு நல்ல உதாரணம் யார்க்‌ஷயரின் வீல்டேல் மூரில் இருக்கிறது. அங்குள்ள கல்பாதையை வெகுகாலம் ரோமானியச் சாலை என்றே சொல்லி வந்தார்கள். இப்போது அது சாலைதானா என்றே ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். கற்கால எல்லைச் சுவராக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.