கிண்ணம் நிறையத் தினை, ஆனாலும் பட்டினி! லீவுக்கு ஊருக்குப் போகிற பறவைப் பிரியர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

(திரையில்: ஒரு பிளாஸ்டிக் தீனிக் கிண்ணம், மிக நெருக்கத்தில்)

இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். விளிம்பு வரை தினை இருக்கிறது, சரியா? இதே கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் என்னுடைய இரண்டு லவ் பேர்ட்ஸும் போன மே மாதம் பட்டினி கிடந்தன. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். காலையும் மாலையும் தவறாமல் வந்து பார்த்தார். அவர் பொய் சொல்லுகிறவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை.

அப்புறம் எப்படி? இரண்டு நிமிஷம் பொறுங்கள், காட்டுகிறேன்.

(தலைப்பு இசை)

வணக்கம். கோடை லீவு, பொங்கல் லீவு என்று ஊருக்குக் கிளம்பும்போது கூண்டுப் பறவைகளை யாரிடம், எப்படி விட்டுப் போவது என்பதுதான் இன்றைய விஷயம். நாய் வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஊரே இருக்கிறது. பறவை என்றால் மட்டும் "பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போங்க, தீனி போடுவாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முன்கதையை ஓட்டிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று ஜோடியாக விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகார். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. 1840-இல் ஜான் கூல்டு என்ற பறவை ஆய்வாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அங்கிருந்து உலகத்துக்கே பரவியது. நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். தலையில் கொண்டை வைத்தவர் காக்கடீல், நம் வாயில் காக்டெய்ல். வரலாறு முடிந்தது, கிண்ணத்துக்கு வருவோம்.

(திரையில்: பட்ஜெரிகார் தினை கொத்துவது, மெதுவான ஓட்டத்தில்)

அந்த அலகைக் கவனியுங்கள். ஒரு தினையை எடுக்கிறது, நாக்கால் மேல் அலகோடு சேர்த்து உருட்டுகிறது, பிளக்கிறது, உள்ளே இருக்கும் அரிசியை மட்டும் விழுங்குகிறது. மேல்தோல் எங்கே போகிறது? நேராகக் கீழே. கீழே என்ன இருக்கிறது? கிண்ணம்!

எங்கள் பாட்டி முறத்தில் தினை புடைக்கும்போது உமி முன்பக்கம் பறந்து போகும், தானியம் முறத்திலேயே தங்கும். இந்தப் பறவை அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. தானியம் வயிற்றுக்குப் போய்விடுகிறது, உமி தங்கிவிடுகிறது. ஒவ்வொரு உமியும் தினையின் நிறத்தில், தினையின் அளவில், தினை போலவே பளபளப்பாக இருக்கும். காலையில் கிண்ணம் நிறைய இருந்தது, சாயங்காலமும் நிறையத்தான் இருக்கும். காலையில் இருந்தது சாப்பாடு, சாயங்காலம் இருப்பது குப்பை.

என் கதை இதுதான். நாலு நாள் கொடைக்கானல். கீழ் வீட்டு மாமாவிடம் சாவியைக் கொடுத்து, "கிண்ணம் காலியானா தினை போட்டுடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை கேளுங்கள். கிண்ணம் காலியானால்! அது எந்தக் காலத்திலும் காலியாகாது. மாமா தினமும் இரண்டு வேளை எட்டிப் பார்த்தார், கிண்ணம் நிறைய இருந்தது, தண்ணீர் மட்டும் மாற்றிவிட்டுப் போனார். நான் சொன்னதை அப்படியே செய்தார்.

திரும்பி வந்தபோது ஆண் பறவை பூரி கூண்டின் தரையில், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பஞ்சு உருண்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். பெண் பறவை பட்டுவுக்கு அவ்வளவு மோசமில்லை. கிண்ணத்தை அதிகாரம் செய்கிறவள் அவள்தான், அடியில் கிடந்த கடைசித் தினைகளை அவளே பொறுக்கியிருக்க வேண்டும். (மூக்கு நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். எங்கள் வீட்டில் ஆட்சி பழுப்பு மூக்கு.)

பூரியைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். வழக்கமாக 36 கிராம் இருப்பவன், அன்று 28. ஒரு கோழிமுட்டையே 50 கிராமுக்கு மேல் இருக்கும், இவன் முழு உடம்பே அதில் பாதிதான். இவ்வளவு சின்ன உடம்பு, உள்ளே 41 டிகிரி செல்சியஸ் சூடு. அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், விறகு வைக்க இடமே கிடையாது. நாம் ஏகாதசிக்கு விரதம் இருக்கலாம். இதற்கு ஒரு முழு நாள் பட்டினியே ஆபத்து. நல்லவேளை, மருத்துவர் கைக்கு வந்து பூரி பிழைத்துக்கொண்டான். அவனுக்கு இந்த வீடியோவில் ஒரு லைக் போடுங்கள், எனக்கு வேண்டாம்.

(திரையில்: கையில் கிண்ணம், மெதுவாக ஊதுவது)

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிண்ணத்தை வெளியே எடுங்கள், வாசலுக்குப் போங்கள், லேசாக ஊதுங்கள். உமி பறக்கும், தினை தங்கும். இன்னும் சந்தேகமா? ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேயுங்கள். கெட்டியாக உருண்டால் தினை, சருகு மாதிரி நொறுங்கினால் உமி. பார்த்துக்கொள்ள வருபவரிடம் இதை வாயால் சொன்னால் போதாது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவரை வரவழைத்து, அவர் கையால் ஒரு தடவை ஊத வையுங்கள். அதைவிடச் சுலபமான வழி: "இருக்கோ இல்லையோ, தினமும் பழசைக் கொட்டிட்டு ஒரு பறவைக்கு ரெண்டு ஸ்பூன் புதுசு போடுங்க." கொஞ்சம் தினை வீணாகும். ஆகட்டும், காக்கை குருவி தின்னும்.

சரி, யாரிடம் விடுவது? என் கட்சி: பறவை அதன் வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் வந்து போகட்டும். கூண்டை இடம் மாற்றினால் சில பறவைகள் முதல் நாள் மிரண்டு சாப்பிடவே சாப்பிடாது. ஆனால் வந்து பார்க்க ஆள் இல்லை, அத்தை வீட்டில்தான் விட வேண்டும் என்றால், அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அத்தை, தோசைக்கல் இரும்பா, நான்ஸ்டிக்கா?"

(திரையில்: தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது)

சிரிக்காதீர்கள். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரியைத் தாண்டிச் சூடானால் சிதைந்து வாயுக்களை வெளியிடத் தொடங்கும். சாதாரணமாகத் தோசை சுடும் சூட்டில் பிரச்சினை இல்லை. ஆனால் வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு, "கல் காயட்டும்" என்று போன் பேசப் போகிறோமே, அங்கேதான் வினை. நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். அடுத்த அறையில் இருக்கும் பறவை சில நிமிஷங்களில் செத்து விழும். காரணம் அதன் நுரையீரல். நாம் மூச்சை இழுத்து, அதே வழியில் திருப்பி விடுகிறோம். பறவைக்குள் காற்று ஒருவழிப் பாதை. காற்றுப்பைகள் துருத்தி போல வேலை செய்வதால், இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்று போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அருமையான ஏற்பாடு. விஷத்தையும் அதே வேகத்தில் உறிஞ்சிவிடும்.

இதை வைத்துத்தான் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் சொன்ன யோசனை. கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதனுக்கு முன்பே குருவி மயங்கும், ஆட்கள் வெளியே ஓடலாம். 1986-இல்தான் மின்னணுக் கருவிகள் வந்து அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் ஒரு கேனரிக் கூண்டு இருக்கிறது. கூண்டின் தலையில் குட்டி ஆக்சிஜன் சிலிண்டர்! குருவி மயங்கினால் கதவை மூடி, ஆக்சிஜனைத் திறந்து அதைப் பிழைக்க வைப்பதற்காக. வேலைக்குக் கொண்டுபோன குருவிக்கே அந்த மரியாதை. நாம் சாம்பிராணிப் புகைக்குள் கூண்டை மாட்டிவிட்டு, "சாமிக்குத்தானே, ஒண்ணும் பண்ணாது" என்கிறோம். கொசுவத்தி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் இதே கணக்கு. மாடுலர் கிச்சன் அத்தையைவிட இரும்புக்கல் அத்தை நல்லவர். குடும்ப குரூப்பில் இதை யாரும் பார்வர்ட் செய்ய வேண்டாம்.

பணம் கட்டி விடும் பறவை விடுதியா? பல வீட்டுப் பறவைகளை ஒரே அறையில் வைத்தால் திரும்பிவிடுங்கள். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும், 1929-30இல் பல நாடுகளை மிரட்டிய நோய் அது. சாம்பல் கிளி மாதிரி வெளிநாட்டுப் பெரிய கிளி என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பச்சைக்கிளிக்கு வழி கேட்கிறவர்களுக்கு: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்தது.

கிளம்பும் முன் என் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? பறவையை நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போன் வர வேண்டும். பூரிக்கு அது மூன்றரை கிராம், சமையலறைத் தராசே சொல்லிவிடும். பறவை நோயை மறைக்கும், அதனால் இறகு சிலிர்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, "தூங்குதுபோல" என்று விடக்கூடாது. மருத்துவர் நம்பரும் அதே தாளில். எந்த டாக்டரும் பறவை பார்ப்பார் என்று நினைக்காதீர்கள், முன்கூட்டியே கேட்டுவையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-இல் தொடங்கியது.

தண்ணீருக்குக் குழாய் பாட்டில் ஒன்று, கிண்ணம் ஒன்று. பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து தெரியாது, அதுவும் உமி மாதிரி ஏமாற்று வேலைதான். பால்கனியில் கூண்டு வேண்டாம், காக்கையும் பூனையும் நாம் ஊருக்குப் போவதற்கே காத்திருக்கும். காக்டெய்ல் வைத்திருப்பவர்கள் இரவில் சின்ன விளக்கு ஒன்று எரிய விடுங்கள், இருட்டில் பல்லி ஓடினால்கூட அது மிரண்டு கூண்டெல்லாம் அடித்துக்கொள்ளும். அதன் இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, அதையும் சொல்லிவிடுங்கள். எறும்புக்கு நம் பழைய வைத்தியம்தான்: கூண்டு ஸ்டாண்டின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது. அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், மிக்சர் எதுவும் வாயருகே போகக்கூடாது. மிக்சரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று மாமாவுக்குத் தெரியும்.

உங்கள் பறவை பெயரைக் கமெண்டில் எழுதுங்கள். சாப்பாட்டுப் பெயராக இருந்தால் பின் பண்ணுகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு மூன்று நாள் திருநெல்வேலி போயிருந்தேன். சாவி அதே மாமாவிடம். இரண்டாம் நாள் காலையில் வந்த வாட்ஸ்அப் வீடியோ இது.

(திரையில்: மாமா, வேட்டி, கையில் கிண்ணம். மூச்சை நன்றாக இழுத்து ஊதுகிறார். காற்று எதிர்ப்பக்கம். உமி முழுக்க அவர் மூக்குக் கண்ணாடியிலும் மீசையிலும். பின்னணியில் பட்டுவின் கத்தல்.)

"தம்பி, உமி போயிருச்சு. தினை அரைக் கிண்ணம் இருக்கு. பூரி முப்பத்தஞ்சு கிராம். கண்ணு தெரியல, அப்புறம் பேசுறேன்."