ஒத்திகைக்கும் காசு

வணக்கம் நேயர்களே. ஜாஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை, என்றதும் வானொலியைத் திருப்பிவிடாதீர்கள். நம் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் களைகட்டும்போது கால் தானாக அசைந்தவர்களுக்கு ஜாஸ் தூரத்து இசை இல்லை. 1963இல் பெரிய ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழு இலங்கைக்கே வந்து வாசித்துவிட்டுப் போனது.

வாசித்தவர்களின் பெயர் கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். அந்த இசையைத் தட்டாக்கித் தந்த சின்னச் சின்ன லேபிள்களை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பனிகளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

ஆல்ஃபிரட் லயன் என்று ஒருவர். பெர்லினில் பிறந்த யூதர். நியூயோர்க்கில் 1939இல் புளூ நோட் என்ற லேபிளைத் தொடங்கினார். சிறுவயதுக் கூட்டாளி பிரான்சிஸ் வூல்ஃப் பிறகு வந்து சேர்ந்தார். பதிவு நடக்கும்போதே வூல்ஃப் எடுத்த படங்கள்தான் தட்டுகளின் உறைகளில் வந்தன.

லயன் செய்த பெரிய காரியம், ஒத்திகைக்கும் காசு கொடுத்தது. திரும்பவும் சொல்கிறேன், பதிவு செய்யும் நாளுக்கு மட்டுமில்லை, ஒத்திகை நாளுக்கும். ஒத்திகை இல்லாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்த மெட்டைத்தான் வாசிக்கலாம். புதிதாக எழுதிய கடினமான இசைக்கு ஒன்றாக இருந்து பழக வேண்டும். கூத்துப் பழகிய ஊர்க்காரருக்கு இது விளங்கும். ஆடுகிறவருக்குச் சட்டம், அதாவது அவருடைய பாட்டு ஏடு, கொடுத்து, மாதக்கணக்காக இரவிரவாக ஆடிப் பழகி, சதங்கை அணிந்த பிறகுதானே அரங்கேற்றம்? அத்தனை இரவுக்கும் தேத்தண்ணி ஊற்றவும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கவனிக்கவும் ஊர் இருக்கிறது. ஜாஸ்காரருக்கு லேபிள்தான் ஊர்.

பதிவு எங்கே நடந்தது தெரியுமா? 1950களில் பெரும்பாலும் நியூ ஜெர்சியின் ஹக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் தாய் தகப்பன் வீட்டு ஹோலில். பகலில் அவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். அந்த ஹோலில் பதிந்த சாக்ஸஃபோனைக் கேளுங்கள், ஊதுகிறவரின் மூச்சு உங்கள் பக்கத்தில் கேட்கும்.

சரி, இன்றைக்கு? எல்லோரும் கைபேசியில் கேட்கிறோம். இணையத்தில் இசை கேட்கும் ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத இசைக்குக் காசே கிடையாது. சின்ன லேபிள் இதில் எப்படி ஒத்திகைக்குக் கொடுக்கும்? பாண்ட்காம்ப் தளத்தில் வாங்கினால், டிஜிட்டல் இசைக்குத் தளம் 15 வீதம் எடுக்கும், மிச்சத்தில் பெரும்பங்கு லேபிளுக்கோ கலைஞருக்கோ போகும். நாலு பேர் சேர்ந்து ஒரு தட்டு வாங்குங்கள். ஒரு பின்னேரம் கூடியிருந்து முழுவதையும் கேளுங்கள். மட்டக்களப்புக் கல்லடியில் விபுலானந்தா நிறுவகத்தில் வயலினும் மிருதங்கமும் படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தாளத்தை அவர்கள் நம்மை விடச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நேரம் முடிகிறதாம், கை காட்டுகிறார்கள். ஐரோப்பிய லேபிள்களைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். மியூனிக்கில் 1969இல் தொடங்கிய ஈசிஎம் என்ற பெயரையாவது எழுதிக்கொள்ளுங்கள். முதலில் கேட்பதற்கு, புளூ நோட்டில் ஹொரேஸ் சில்வர், அப்புறம் லீ மோர்கன். நன்றி, வணக்கம்.