பதிவரை வளர்ப்பது திருத்தும் பழக்கமே

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வந்து கூடியிருக்கும் சபையோரே, வணக்கம்.

நெடுங்காலம் எழுத விரும்பும் வலைப்பதிவரை வளர்ப்பது நாள்தோறும் எழுதும் வேகமா, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கமா? இதுதான் இன்றைய தலைப்பு. திருத்தும் பழக்கமே என்று வாதிட நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை வைத்தார். தினமும் எழுதினால் கை பழகும் என்றார். தேடுபொறிகள் புதியதைத்தான் விரும்பும் என்றார். பழைய பதிவை யார் வாசிக்கிறார்கள் என்றும் கேட்டார்.

கை பழகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் முப்பது நாற்பது பதிவுகள் வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பதுதான் வழி. திருத்துவதற்கும் ஏதாவது இருக்க வேண்டுமே. ஆனால் கை நல்லதை மட்டும் பழகுவதில்லை, பிழையையும் சேர்த்தே பழகுகிறது. ஒவ்வொரு பந்தியையும் "என்பது குறிப்பிடத்தக்கது" என்று முடிக்கிறவர் நூறு நாள் எழுதினால் நூறு நாளும் அப்படியே முடிப்பார். எழுதிய அன்று அது அவர் கண்ணில் படாது. எழுத நினைத்தது மனதில் சூடாக இருப்பதால், தாளில் இல்லாததையும் கண் சேர்த்து வாசித்துவிடும்.

நம்முடைய கூத்து மரபைப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தானாலும், சட்டங் கொடுத்து, அதாவது நடிப்பவர்களுக்குப் பாத்திரம் பங்கிட்டு, ஆட்டம் பழக்கியதும் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் நேரே அரங்கேற்றத்துக்குப் போய்விடுவதில்லை. நடுவில் அடுக்குப் பார்த்தல் இருக்கிறது. கூத்தை முழுதாக ஆடவிட்டு, எங்கே தாளம் தவறுகிறது, எங்கே பாட்டு இழுபடுகிறது என்று கண்டு திருத்துகிற கட்டம் அது. எதிரணி நண்பர்கள் நாள்தோறும் அரங்கேற்றம் வைக்கச் சொல்கிறார்கள். அடுக்குப் பார்க்க அவர்கள் ஒரு நாளும் ஒதுக்கவில்லை.

அதை எப்படிச் செய்வது? ஆறு மாதத்துக்கு முன் எழுதிய ஒரு பதிவை எடுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், அல்லது போனில் உள்ள வாசிப்புக் குரலை ஓடவிட்டுக் கேளுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனம் நீளம், அதை இரண்டாக வெட்டுங்கள். அடுத்து முதல் இரண்டு பந்திகளை விரலால் மறைத்துவிட்டு மூன்றாவதிலிருந்து வாசியுங்கள். பொருள் குறையவில்லையென்றால் அந்த இரண்டும் வெறும் தொண்டைச் செருமல், நீக்கிவிடலாம். பிறகு ஒரு கொப்பியில் உங்கள் பிழைகளை மட்டும் எழுதுங்கள். ஒருவருக்கு ர, ற மாறும். இன்னொருவருக்கு வல்லினம் மிகும் இடம் பிடிபடாது. வேறொருவர் எந்தத் தகவலையும் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று எழுதாமல் விடுவார். அடிக்கடி வரும் ஐந்து பிழைகளைத் தேர்ந்து, அடுத்த பதிவை வெளியிடுமுன் அந்த ஐந்தை மட்டும் தேடுங்கள். ஒன்று மறைந்ததும் அந்த இடத்துக்கு வேறொன்றைச் சேருங்கள். பொதுவான இலக்கணப் புத்தகம் எல்லோருடைய பிழையையும் சொல்லும். உங்கள் பிழையை உங்கள் பழைய பதிவுதான் சொல்லும்.

இரண்டாவது, தேடுபொறி புதியதை விரும்பும் என்ற வாதம். நேற்றைய செய்திக்கு அது பொருந்தும். மற்றப் பதிவுகளுக்குப் புதுத் திகதி மட்டும் போதாது. பொருள் பெரிதாக மாறாமல் பக்கத்தின் திகதியை மட்டும் மாற்றிப் புதிதுபோலக் காட்டுகிறீர்களா என்று, பதிவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுள் ஒன்றாகக் கூகுளே தன் வழிகாட்டலில் வைத்திருக்கிறது.

நம் ஊர் உதாரணம் ஒன்று. வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு பற்றி எழுதுகிறோம். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று கோயில் கோயிலாக, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி நடக்கும். ஒரு பதிவர் ஒவ்வொரு வருடமும் புதுப் பதிவு போடுகிறார். எட்டு வருடத்தில் எட்டுப் பதிவு. எட்டிலும் அதே கதவு திறத்தல், அதே குளிர்த்தி, அதே வரலாறு, திகதி மட்டும் வேறு. தேடி வருகிற வாசகருக்கு 2017ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்தால் அவர் பிழையான நாளில் பஸ் ஏறுவார். அந்த எட்டையும் ஒரே பக்கமாக்குங்கள். சடங்கின் ஒழுங்கு மேலே இருக்கட்டும். இந்த வருடத் திகதிகள் அதற்குக் கீழே, ஆண்டு எழுதி. கடந்த வருடங்களில் தனித்துவமாக நடந்தவை கடைசியில். மற்ற ஏழு பதிவுகளின் இணைய முகவரிகளையும் இந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் அமைப்புகளுக்குள் வழிமாற்றம் கொடுக்க இடம் இருக்கிறது. வருடம் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் பக்கம் ஆழமாகிக்கொண்டே போகும், எழுதியவரின் அறிவும் கூடவே ஆழமாகும்.

முகவரி பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும், தமிழில் எழுதுகிறவர் பெரும்பாலும் இதில்தான் அகப்படுகிறார். பிளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் அது தமிழெழுத்தை முகவரியில் ஏற்காது. 'பிளாக்-போஸ்ட்' என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் போட்டு முடித்துவிடும். பதிவு எதைப் பற்றியது என்று முகவரி காட்டாது. இன்னொரு வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது எழுத்துகளாக மாற்றி வைக்கும். புள்ளியும் 'கி'யின் விசிறியும் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், 'கண்ணகி' என்ற நான்கெழுத்துச் சொல் கணினிக்கு ஆறு குறிகள். முகவரியில் அது 54 எழுத்துகள். மொத்தம் 200 எழுத்துகளுக்கு மேல் இடம் இல்லாததால் தலைப்பு ஏறத்தாழ 22 குறிகளில் துண்டிக்கப்படும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகள் நிறைந்த ஒரு நீள வால் வந்து விழுவது இதனால்தான். பதிவை வெளியிடுமுன் மூன்று நான்கு சொற்களில் ரோமன் எழுத்து முகவரியை நீங்களே கொடுங்கள். வெளியிட்டுப் பல காலம் ஆன பதிவின் முகவரி அசிங்கமாக இருந்தாலும் தொடாதீர்கள். வெளியே பகிரப்பட்ட இணைப்புகள் உடைவது அழகைவிடப் பெரிய இழப்பு.

சரி, மூன்றாவது. பழையதை யார் வாசிக்கிறார்கள்? இதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லலாம். கூகுள் சேர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லைத் தேடி எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அது 16 மாதங்களுக்குக் காட்டும். அதில் பலருடைய திரையில் தோன்றியும் சிலரே சொடுக்கிய பக்கங்களைப் பிரித்தெடுங்கள். தேடல் முடிவுகளில் சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் இருப்பவையே முதலில் திருத்த வேண்டியவை. அவர்கள் தேடிய சொல்லையும் கவனியுங்கள். நீங்கள் 'நெல் வயல்' என்று எழுதியிருப்பீர்கள், நம் பகுதியில் தேடுகிறவர் 'வட்டை' என்று தட்டியிருப்பார். நீங்கள் 'உரம்' என்றிருப்பீர்கள், அவருக்கு அது 'பசளை'. வாசகர் எந்த மொழியில் கேட்கிறார் என்பதை இதைவிட நேராக யாரும் கற்றுத்தர முடியாது.

பசளை என்றதும் எதிரணியிடம் ஒன்று கேட்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அதே வருடம் நவம்பரில் தடை தளர்ந்தது. அந்த இடைக்காலத்தில் "இனி யூரியா கிடைக்காது, இப்படிச் செய்யுங்கள்" என்று எழுதிய ஒருவர், மறுநாள் அடுத்த பதிவுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். எழுதிய அன்று அது சரியான பதிவு. இன்று அக்கரைப்பற்றிலோ வெல்லாவெளியிலோ வேளாண்மை செய்கிற ஒருவருடைய போனில், திகதி இல்லாமல், அது இன்னும் உண்மைபோல நிற்கிறது. இன்னோர் உதாரணம். மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் திறந்தது. அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்பை வாசிக்கிற வெளியூர்க்காரர், ஒற்றை வழிப் பாலத்தில் காத்து நிற்க வேண்டும் என்று நினைத்து நேரம் ஒதுக்குவார். நாள்தோறும் எழுதும் வேகம் இந்த இரண்டில் எதைத் திருத்தும்?

ஆகவே பதிவுகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். விலை, நேர அட்டவணை, விண்ணப்பப் படிவம், மருந்து, பசளை, சட்டம் ஆகியவை மாறுகிறவை. இவற்றின் முதல் வரியிலேயே "இந்தத் தகவல் இன்ன மாதம் சரிபார்த்தது" என்று எழுதுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். சரிபார்க்க முடியாமல் போனால் அதையும் முதல் வரியில் எழுதுங்கள். வரலாறு, சடங்கு, ஊர்ப் பெயர், நினைவு ஆகியவை மெதுவாக மாறுகிறவை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் இணைப்புகளும் படங்களும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். திருத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். எழுத்துப் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தலாம். தகவல் பிழையைத் திருத்தினால் திகதியோடு குறிப்பு வைக்க வேண்டும், ஏனென்றால் பழையதை நம்பி ஏற்கனவே ஒருவர் பகிர்ந்திருப்பார். கருத்தே மாறிவிட்டால் பழையதை அழிக்காமல் புதிதாக எழுதி, இரண்டையும் ஒன்றோடொன்று இணையுங்கள்.

நாம் நம்பி வைத்த இணையச் சேவை மூடப்படும் ஆபத்தைப் பற்றி எதிரணி பேசவேயில்லை. இலவச வலைப்பக்கம் தந்த ஜியோசிட்டிஸ் 2009இல் மூடப்பட்டது. பதிவுகளைத் திரட்டி வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் போனது. படங்களைச் சேமிக்கும் தளமான ஃபோட்டோபக்கெட் 2017இல் விதியை மாற்றியபோது, அங்கே படம் வைத்து வேறிடத்தில் காட்டிக்கொண்டிருந்த பதிவுகளில் படங்கள் மறைந்தன. எவ்வளவு வேகமாக எழுதினாலும் இவற்றிலிருந்து தப்ப முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் காப்புப் பிரதி எடுங்கள். பிளாக்கரும் வேர்ட்பிரஸும் தருகிற ஏற்றுமதிக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. பலர் அந்த ஒரு கோப்போடு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். படங்களைத் தனியாகச் சேமியுங்கள், அதுவும் மூலப் படத்தை. வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கிய படம். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று பிரதி. வருடத்துக்கு ஒரு நாள் அந்தக் கோப்பை வெற்று வலைப்பதிவொன்றில் ஏற்றிப் பாருங்கள். ஏறாத கோப்பு காப்பு ஆகாது.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழெழுத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் எழுதி வைத்த பழைய கட்டுரைகள் நம் பகுதியில் ஏராளம். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பை, தேடலிலும் அகப்படா. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். மாற்றிய பின் கண்ணால் வாசிக்காமல் விடவேண்டாம். கொம்பு இடம் மாறி அடுத்த எழுத்தில் ஏறியிருக்கும், காலுக்குப் பதில் 'ர' நிற்கும், 'ஔ' உடைந்து 'ஒள' ஆகியிருக்கும்.

கணக்கையும் பார்ப்போம், நடுவர் ஐயா. தினம் ஒன்று எழுதினால் பத்தாண்டில் 3,650 பதிவுகள். ஒன்றைச் சரிபார்க்க வெறும் இருபது நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 1,200 மணித்தியாலங்களுக்கு மேல். வேலைக்குப் போகிற, வட்டைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற யாருக்கும் அது முடியாது. வாரம் ஒன்று எழுதினால் 520. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் ஒதுக்கினால், நான்கைந்து பதிவுகளை ஆழமாகத் திருத்தி, இன்னும் நான்கின் இணைப்புகளையும் பார்த்துவிடலாம். மாறுகிற பதிவுகளை இருபதுக்குள் வைத்துக்கொண்டால் அவற்றை வருடம் இருமுறை பார்க்க இந்த நேரம் போதும். சோர்வு வந்த மாதத்தில் புதிது எழுத வராது, ஆனால் பழையதில் ஒரு பந்தியைச் சீராக்க வரும். இடையில் நின்றுபோகாமல் பதிவரைக் காப்பது இந்தச் சின்ன வேலை.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடம் யாரும் உள்நுழையாத கணக்கை அழிக்கலாம் என்று 2023இல் கூகுள் விதி கொண்டுவந்தது. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று பத்துப் பேர் வரை குறித்து வைக்க அங்கேயே வசதி இருக்கிறது. சொந்த இணைய முகவரி வாங்கியிருந்தால் புதுப்பிக்கும் திகதியை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

எனக்குப் பிறகு வரும் எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும். அவருடைய 3,650 பதிவுகளில் இன்றைக்குப் பிழையாகிவிட்டவை எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்த பின் எந்த நேரத்தில் திருத்துவார்? வணக்கம்.